தமிழிதழ் தன் காலில் நிற்க

(கோவை கணபதியில் கூடிய தமிழன்பர் அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழின் தொன்மையைப் பற்றியும் தூய்மையைப் பற்றியும் இம் மேடையில் பலரும் பேசியிருக்கின்றனர், இனியும் பேசுவர். யான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு இனிமையானதன்று. தமிழ் இதழ்களும் தமிழ்ப் பதிப்பகங்களும் எவ்வாறு பணம் ஈட்டுகின்றன, எதனால் நிற்கின்றன, எதனால் வீழ்கின்றன என்னும் கணக்குப் பொருள் அது. தூய தமிழ்த் திங்களிதழ் ஒன்று தைத்திங்களில் தோன்றி ஆடித்திங்களில் ஒடுங்குவதை நாம் எத்தனை முறை பார்த்துவிட்டோம்! தொடங்கும்போது கைதட்டுகிறோம், நிற்கும்போது 'தமிழனுக்கு உணர்ச்சியில்லை' என்று பெருமூச்சு விடுகிறோம். உணர்ச்சிக் குறைவால் நின்ற இதழ்களினும் கணக்குக் குறைவால் நின்ற இதழ்களே மிகுதி என்பது என் துணிபு.

'மொழிப்பணி என்ன வணிகமா?' என்று கேட்பார் உளர். வள்ளுவப் பேராசான் அறம் பாடிய அதே நூலில் பொருள் செயல்வகைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். வலியறிதல் என்னும் அதிகாரத்திலே தன் அளவறிந்து கொடுக்கும் முறையையும் வகுத்தார். பொருள் அறத்திற்குப் பகையன்று. இக் கணபதியைச் சுற்றி இரும்பு வார்க்கும் பட்டறைகளும் கடைசல் பட்டறைகளும் நீரிறைக்கும் பொறி செய்யும் தொழிற்கூடங்களும் எத்தனையோ உள. அவற்றை நடத்துவோரைக் கேளுங்கள். இரும்பின் விலை, ஆட்கூலி, மின்கட்டணம், பொறியின் தேய்மானம் ஆகிய நான்கையும் கூட்டாமல் எந்தப் பட்டறைக்காரராவது பொருளுக்கு விலை வைப்பாரா? நம் இதழாசிரியர் மட்டும் தாளுக்கும் அச்சுக்கும் கணக்கிட்டுவிட்டு, எழுத்துக் கோத்தவர்க்கும் மெய்ப்புத் திருத்தியவர்க்கும் 'தமிழ் வாழ்க' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். கூலி கொடாத உழைப்பு இரண்டாண்டு ஓடும். மூன்றாம் ஆண்டில் அவ் வுழைப்பாளியின் இல்லத்தில் அடுப்பு எரியாதபோது இதழும் நிற்கும்.

ஓர் இதழுக்குப் பணம் வரும் வாயில்கள் நான்கு: விளம்பரம் தருவோர், புரவலர், அரசு, படிப்பவர். பணம் எவ் வாயில் வழியாக வருகிறதோ அவ் வாயிலோனுக்கு இதழ் கட்டுப்படும். இந் நான்கையும் நம் நாட்டு நடப்பைக் கொண்டே பார்ப்போம்.

முதலாவது விளம்பரம். 1928 இல் ஆனந்த விகடனை 200 உருபாவுக்கு வாங்கினார் வாசன். நகைச்சுவை, தொடர்கதை, போட்டி ஆகியவற்றால் படிப்பவரைப் பெருக்கினார். படிப்பவர் பெருகவே விளம்பரம் பெருகிற்று. 1942 இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தந்தி நாளிதழைத் தொடங்கினார். எழுத்துக் கூட்டிப் படிப்பவனும் படிக்கத்தக்க எளிய நடை, ஊர்தோறும் விரைந்து சென்று சேரும் ஏற்பாடு, பல நகரங்களில் தனித்தனி அச்சு ஆகியவற்றால் அது நாடெங்கும் பரவியது. இவ்விரு நிறுவனங்களின் மொழிநடையில் நமக்கு மாறுபாடு உண்டு. ஆயினும் இதழ் குறித்த நாளில் குறித்த இடத்தில் இருக்க வேண்டும் என்னும் அவர்தம் ஒழுங்கினை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். திங்களிதழை இரண்டு திங்களுக்கு ஒருமுறை 'இணைப்பிதழ்' என்று விடுக்கும் நமக்கு அவ் வொழுங்கு ஒரு பாடம்.

ஆனால் விளம்பர வழி நமக்கு ஒத்த வழியா? விளம்பரம் தருவோன் எண்ணிக்கையைப் பார்க்கிறான். எண்ணிக்கை பெருகப் பொழுதுபோக்கு வேண்டும். பொழுதுபோக்கு பெருகத் தமிழ் தேயும். இன்னொன்று: அவ் விளம்பரப் பணமே இன்று கூகுள், முகநூல் முதலிய அயல்நாட்டு நிறுவனங்களுக்கு ஓடுகின்றது. வேர்விட்ட பெரிய நிறுவனங்களும் இன்று இணையத்திலே படிப்பவரிடம் 'கட்டணம் செலுத்துக' என்று கைநீட்டுகின்றன. இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழ், 1936 இல் நிறுவப்பெற்ற அறக்கட்டளையின் வழிவந்த அமைப்புக்கு உரியது. அது தன் இணையப் பக்கங்களை யாவர்க்கும் திறந்து வைத்துவிட்டு, படிப்பவர் விரும்பித் தரும் தொகையைப் பெரிதும் நம்பி நிற்கின்றது. பிரான்சு நாட்டில் 2008 இல் தொடங்கிய மீடியாபார் என்னும் இணைய இதழ் விளம்பரமே வேண்டாவென்று விலக்கி உறுப்புக் கட்டணத்தால் மட்டுமே நடைபெறுகின்றது. விளம்பரத்தால் வளர்ந்த உலகமே படிப்பவனைத் தேடித் திரும்பும் காலத்தில், நாம் விளம்பரத்தைத் தேடிப் புறப்படுவது மழை ஓய்ந்தபின் ஏரி வெட்டுவது போலாகும்.

இரண்டாவது புரவலர். இக் கோவை நகரிலேயே 1971 இல் வானம்பாடி தோன்றியது. 'விலையிலாக் கவிமடல்' என்று தன்னை அழைத்துக்கொண்டது. அவர்தம் யாப்பில்லாப் பாவோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவ் விளைஞர்தம் வேட்கையை யார் மறுக்க முடியும்? விலையின்றிக் கொடுத்த அம் மடல் தமிழ்ப் பாவுலகையே அசைத்தது. ஆயினும் ஒழுங்காகத் தொடர்ந்து வர இயலாமல் ஓய்ந்தது. விலையில்லாப் பொருளுக்கு அச்சகத்தார் விலையில்லாமல் அச்சிட்டுத் தருவதில்லையே!

கொங்குநாட்டார்க்கு மொய் என்றால் தெரியும். திருமணத்திற்கு மொய் வரும்; அன்றாடக் கஞ்சிக்கு எவரும் மொய் எழுதார். புரவலர் கொடையும் அத்தகையதே. ஒருமுறை செய்து முடிக்கும் பெரும்பணிக்கு அது பொருந்தும். நம் கொங்கு மண்ணின் மைந்தர் தி. சு. அவினாசிலிங்கனார் முன்னின்று வளர்த்த தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், மற்றொரு கொங்குப் புலவர் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளிவந்ததே, அதற்குக் கொடையும் அரசுதவியும் பொருத்தமாயின. ஏனெனில் அதற்கு ஒரு முடிவு உண்டு. திங்களிதழுக்கு முடிவில்லை, அதன் செலவு திங்கள்தோறும் பிறக்கும். முடிவில்லாச் செலவிற்கு முடிவுள்ள கொடை ஈடாகாது.

மூன்றாவது அரசு. சென்னை மாநிலக் கல்வியமைச்சராக இருந்தபோது 1948 இல் பொதுநூலகச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவினாசிலிங்கனாரே. வீட்டுவரியோடு நூலகத்திற்கென ஒரு பகுதியைத் தண்டும் அச் சட்டத்தால் ஊர்ப்புற நூலகங்கள் எழுந்தன. தமிழ்ப் பதிப்பகங்கள் பலவற்றுக்கும் நூலக ஆணையே உயிர்நாடியாயிற்று. ஒரு நூலுக்குச் சில நூறு படி முதல் ஆயிரம் படி வரை ஒரே கையாக விற்குமென்றால் எவர்க்குத்தான் மகிழ்ச்சி வாராது? ஆனால் சில ஆண்டுகள் ஆணை வரும். சில ஆண்டுகள் வாராது. வந்தாலும் தொகை காலந்தாழ்ந்து வரும். நூலக ஆணையை மட்டுமே நம்பி நூல் வெளியிட்டவர், படிப்பவன் முகத்தையே பார்த்தறியாதவராய்ப் போனார்.

பாடநூலும் அவ்வாறே. ஒரு காலத்தில் தனியார் பதிப்பகங்களுக்குப் பள்ளிப் பாடநூல் பெருவருவாய் தந்தது. 1970 இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் ஏற்பட்டபின் அவ் வருவாய் படிப்படியாக அரசின் கைக்குச் சென்றது. மாணவர்க்கு அது நன்மையே. ஆனால் அவ் வொரு காலிலேயே நின்ற பதிப்பகங்கள் தளர்ந்தன. அண்மையிலே 2024 திசம்பரில் அஞ்சல்துறை நூல்களுக்கான பதிவஞ்சல் முறையை நிறுத்தியபோது சிறு பதிப்பகத்தார் துடித்ததையும் பார்த்தோம். 2025 மே திங்களில் கல்வி நூல்களுக்கெனக் குறைந்த கட்டணமுள்ள வேறொரு முறை வந்தது. அதுவும் காலமுறை இதழ்களுக்கு உரியதன்று. நூலுக்கு விற்பனை வரியில்லை. ஆனால் தாளுக்கு வரியுண்டு. அவ் வரியைத் திருப்பிப் பெறவும் பதிப்பாளனுக்கு வழியில்லை. அரசின் ஓர் ஆணையால் வாழ்பவன் மற்றோர் ஆணையால் மாள்வான். அரசு தருவதைப் பெறுவோம். நம் உரிமை அது. ஆனால் அதனைக் கூரையின் மேல் ஓடாகக் கொள்ளலாமேயன்றிக் கூரை தாங்கும் தூணாகக் கொள்ளலாகாது.

நான்காவது படிப்பவர். தமிழ்ப் பதிப்பின் நல்வரலாறு முழுதும் இவ் வாயிலில்தான் எழுதப்பெற்றுள்ளது. 1887 இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, நூல் வருமுன்பே அன்பர்களிடம் கையொப்பம் பெற்றுத் தொகை திரட்டினார். வட்டியில்லா முதல் அது. 1925 மே 2 ஆம் நாள் நம் ஈரோட்டிலே பெரியார் குடியரசைத் தொடங்கினார். 1933 இல் ஆட்சியின் அடக்குமுறையால் அது நின்றது. உடனே புரட்சி தோன்றியது. அதன்பின் 1934 இல் பகுத்தறிவு தோன்றியது. பெயர் மாறிற்று, படிப்பவர் மாறவில்லை. ஓர் இதழின் மெய்யான உடைமை அச்சுப்பொறியன்று, தாளன்று, உறுப்பினர் பெயரும் முகவரியும் எழுதிய ஏடே ஆகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

1959 இல் கடலூரில் அஞ்சல்துறையிற் பணியாற்றிய துரை. மாணிக்கம் என்னும் பாவலரேறு பெருஞ்சித்திரனார், மொழிஞாயிறு பாவாணரைச் சிறப்பாசிரியராகக் கொண்டு தென்மொழியைத் தொடங்கினார். திரைப்படச் செய்தியில்லை, கணியமில்லை, பெருவிளம்பரமில்லை. தனித்தமிழ் ஒன்றையே விரும்பிய சிலரை நம்பி அவ் விதழ் நின்றது. பாவாணரின் அகரமுதலிப் பணியை அரசு 1974 இல் மேற்கொள்வதற்கு முன்பே, அப் பணிக்கென அவ் விதழின் அன்பர்கள் திங்கள்தோறும் தம் வருவாயிலிருந்து பகுத்துத் தரும் திட்டத்தை அது வகுத்தது. சிலரே ஆயினும் உறுதியுடையோர் பலரினும் வலியர். 'அகல உழுவதினும் ஆழ உழு' என்று நம் உழவர் சொல்வது இதழுக்கும் பொருந்தும்.

இனிச் சற்றே எண்களைப் பார்ப்போம். இவை கணக்கு முறையைக் காட்ட யானே வைத்துக்கொண்ட எண்கள். ஒரு திங்களிதழுக்கு எழுத்துக்கோப்பு, மெய்ப்பு, பக்க அமைப்பு, அலுவலகம் ஆகிய நிலைச்செலவு திங்களுக்கு 12,000 உருபா என்க. தாள், அச்சு, உறை, அஞ்சல் ஆகியவற்றுக்குப் படியொன்றுக்கு 14 உருபா என்க. 500 படி அச்சிட்டால் மொத்தச் செலவு 19,000. படியொன்றுக்கு 38 உருபா. 1000 படியானால் 26 உருபா. 2000 படியானால் 20 உருபா. விலையோ 25 உருபா. அவ்வாறாயின் 500 படி விற்கும் இதழ் திங்களுக்கு 6,500 உருபா இழக்கின்றது. ஏறத்தாழ 1,100 படி நேரே உறுப்பினர்க்குச் சென்றால் இழப்பும் இல்லை, ஊதியமும் இல்லை.

அதே இதழைக் கடை வழி விற்பதாகக் கொள்வோம். கடைக்காரர்க்கு நூற்றுக்கு 35 கழிவு கொடுத்தால் நம் கைக்கு வருவது 16 உருபா 25 காசு. படிச்செலவு 14 போக எஞ்சுவது 2 உருபா 25 காசே. நிலைச்செலவை ஈடுகட்ட 5,300 படிக்கு மேல் விற்க வேண்டும். விற்காது திரும்பும் படிகள் வேறு. முன்பணம் தரும் ஓர் உறுப்பினர், கடையில் வாங்கும் ஏறத்தாழ ஐவர்க்கு ஒப்பாவார். 'கடையில் கிடைத்தால் வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லும் அன்பர்கள் இக் கணக்கை நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

இன்னும் இரண்டு கசிவுகள் உள. ஒன்று அன்பளிப்புப் படி. திங்களுக்கு 100 படி அன்பளிப்பாகச் சென்றால் ஆண்டுக்கு 16,800 உருபா போகின்றது. பெற்றவருள் எத்தனை பேர் உறையைப் பிரிக்கின்றனர்? மற்றொன்று வாழ்நாள் உறுப்பினர் கட்டணம். 3,000 உருபா பெற்றுக்கொள்கிறோம். வைப்பகத்தில் நூற்றுக்கு 6 வட்டி கிடைத்தால் ஆண்டுக்கு 180 உருபா. அவர்க்கு ஓராண்டு இதழ் அனுப்பும் படிச்செலவு மட்டுமே 168 உருபா. நிலைச்செலவிற்கு 12 உருபாவே எஞ்சும். முதலையே எடுத்து அச்சகக் கடனை அடைத்துவிட்டாலோ, அவர் வாழும் நாளெல்லாம் ஆண்டுதோறும் 168 உருபா நம் தலைமேற் கடன். தாள் விலை ஏற ஏற அக் கடனும் ஏறும். வாழ்நாள் கட்டணம் வருவாயன்று, வைப்பு. அதனைத் தொட்ட இதழ் தன் விதைநெல்லைக் குற்றி உண்ட உழவனை ஒக்கும்.

அவ்வாறாயின் படிப்பவர் கட்டணம் மட்டும் போதுமா? போதாது. இங்கேதான் திருநெல்வேலித் தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வரலாறு வழிகாட்டுகின்றது. 1920 இல் திருவரங்கனாரும் அவர்தம் இளவல் சுப்பையா பிள்ளையும் அதனைத் தனியொருவர் கொடையில் கட்டாமல் பங்குத்தொகை திரட்டிய நிறுவனமாகக் கட்டினர். 1923 இல் செந்தமிழ்ச் செல்வி என்னும் திங்களிதழைத் தொடங்கினர். இதழ் புலவரையும் படிப்பவரையும் ஒன்று சேர்த்தது. அப் புலவர் எழுதிய நூல்களைக் கழகம் வெளியிட்டது. அகரமுதலியும் பாடநூலும் விற்ற பணம் விரைந்து விற்காத கழக இலக்கியங்களைத் தாங்கியது. மறைமலையடிகள் தாமே 1902 முதல் ஞானசாகரம் நடத்தியும் பல்லாவரத்தில் அச்சகம் வைத்தும் பட்ட பாட்டினை நாம் அறிவோம். அவர் நூல்கள் தலைமுறை கடந்து கிடைக்கும் வண்ணம் தாங்கியது கழகம் போன்ற நிலைத்த அமைப்பே. பேரறிஞர் ஒருவர் நூலை உண்டாக்கலாம். அந்நூல் ஐம்பதாண்டு கிடைப்பதற்கு அமைப்பு வேண்டும்.

இதழ் திங்களுக்கு வாழும். நூல் தலைமுறைக்கு வாழும். ஈராண்டு இதழில் வந்த நல்ல கட்டுரைகளைத் தொகுத்தால் ஒரு நூல். கோத்த எழுத்து ஏற்கெனவே உள்ளது. முற்காலத்தில் 1000 படிக்குக் குறைய அச்சிட்டால் கட்டாது. அட்டைப் பெட்டிகளில் முதல் முடங்கி, கறையான் தின்னும். இன்று கணிப்பொறி அச்சினால் 50 படியும் அச்சிடலாம். விற்ற பின் மீண்டும் 50 அச்சிடலாம். படியொன்றுக்கு விலை சற்று மிகும்; ஆனால் முதல் முடங்காது. சிறு பதிப்பகத்திற்கு இதனினும் பெரிய நல்வாய்ப்பு என் அறிவுக்கு எட்டியவரை வந்ததில்லை.

'கட்டணத்தை உயர்த்தினால் ஏழைத் தமிழன் எவ்வாறு படிப்பான்?' என்னும் வினா எழும். நேர்மையான வினா. பட்டறையில் நாட்கூலி பெறும் தோழர்க்கு 300 உருபா ஒரு சுமையே. அதற்கு விடை இதழைக் குறைவிலைக்கு எல்லார்க்கும் விற்று மூழ்குவதன்று. இயன்றவர் இருவர் கட்டணம் செலுத்துக; ஒன்று தமக்கு, மற்றொன்று தம் ஊர்ப் பள்ளிக்கோ படிப்பகத்துக்கோ தொழிற்கூடத்துக்கோ. ஒரு படியைப் பதின்மர் படிக்கட்டும். அன்பளிப்பாகச் செல்லும் படிக்கும் யாரேனும் ஒருவர் விலை கொடுத்திருக்க வேண்டும், அதுவே முறை.

ஆகவே இவ் வவையின் முன் சில வேண்டுகோள் வைக்கின்றேன். நிலுவைக் கட்டணம் உடையோர் இத் திங்களே செலுத்துக. வரும் ஆண்டின் கட்டணத்தை முன்னரே செலுத்துக. வாழ்நாள் கட்டணம் முழுதும் தனி வைப்பாக இருக்கட்டும். வட்டியை மட்டும் எடுக்க. ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவை இதழிலேயே அச்சிடுக. கணக்குக் காட்டுபவனைத்தான் கொங்குநாட்டான் நம்புவான். உழைப்பவர்க்குச் சிறிதாயினும் கூலி எழுதுக. நம்மூர்ப் பட்டறை, கடை, பள்ளி ஆகியவற்றின் நேரிய விளம்பரத்தை ஏற்க. ஆனால் எந்த ஒருவர் விளம்பரம் நின்றாலும் இதழ் நில்லாது என்னும் அளவுக்குள் அதனை நிறுத்துக.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்றனர் நம் முன்னோர். தமிழுக்குக் கொடுப்பதையும் அளந்து கொடுப்போம். ஆனால் தவறாமல் கொடுப்போம். 1,100 பேர் ஆண்டுதோறும் 300 உருபா தந்தால் ஓர் இதழ் எவர் முன்னும் தலை தாழாமல் எழுதும். இக் கோவை மாநகரில் தமிழுக்கென 1,100 பேர் இல்லையா? உளர் என்றே நம்புகின்றேன். அவர்களை எண்ணிப் பெயரெழுதும் ஏடு இதோ இம் மேசைமேல் இருக்கின்றது. உரை முடிந்ததும் கைதட்டுவதற்கு முன் அதில் கையொப்பமிடுமாறு வேண்டி அமைகின்றேன்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழிதழ்கள்!